வைகை கடலைத் தொடாத ஊரிலிருந்து ஒரு பதில்

தொண்டிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் வளர்ந்தவர் என்றும், பள்ளிக்கால நண்பர் ஒருவரோடு அண்மையில் சமயம் பற்றிப் பேச்சு வந்து, அது பாதியில் கசந்து நின்றுவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். "எல்லா ஆறும் கடலுக்குத்தானே போகிறது" என்று நீங்கள் சமாதானம் சொல்ல, "என் ஆறு மட்டும்தான் கடலுக்குப் போகிறது என்று நான் நம்பினால் உன்னோடு பேச எனக்குத் தகுதி இல்லையா?" என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். வேற்றுச் சமயத்தாரோடு உரையாடத் தத்துவத்தில் என்னென்ன வழிகள் உள்ளன என்று நீங்கள் பொதுவாகக் கேட்டிருந்தாலும், உள்ளே கிடப்பது உங்கள் நண்பரின் கேள்விதான். தன் சமயமே உண்மை என்று உறுதியாக நம்புகிறவர், அந்த உறுதியைத் துளியும் விடாமல், மற்றொரு சமயத்தாரோடு நேர்மையாக உரையாட முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. உங்கள் சமாதானத்தைவிட அவருடைய கேள்வியே உரையாடலுக்கு நல்ல தொடக்கம் என்றும் சொல்வேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதும் பதிலின் ஒரு பகுதி. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கீழக்கரைக்கு அருகில் வசிக்கிறேன். சைவ சித்தாந்த நூல்களை முறையாகப் பாடம் கேட்டிருக்கிறேன். அரபு மொழி தெரியாது. விவிலியத்தையும் தமிழில்தான் படித்திருக்கிறேன். ஆகவே இஸ்லாம் பற்றியும் கிறித்தவம் பற்றியும் கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி, அச்சமயத்தைச் சேர்ந்த நண்பர்களிடம் கேட்டுத் திருத்திக்கொண்டது.

முதலில் உங்கள் ஆற்று உவமை. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் விவேகானந்தர் சிவமகிம்ந தோத்திரத்திலிருந்து இந்த உவமையை எடுத்துச் சொன்னார். அவர் 1897 ஜனவரி 26 அன்று தாயகத்தில் கரையிறங்கியது நம் பாம்பனில், பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்க. எனவே இந்த உவமைக்கு நம் கடற்கரையில் ஒரு தனி உரிமை உண்டு. ஆனால் நம் வைகையைப் பாருங்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அது கடலைத் தொடுவதே இல்லை. இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடைந்துவிடுகிறது. மழை மிகுந்த ஆண்டுகளில் மட்டும் உபரி நீர் ஆற்றங்கரைப் பக்கம் போய்ச் சேருகிறது. கண்மாய்ப் பாசனத்தில் பயிர் வைப்பவரிடம் போய் "உங்கள் ஆறு கடலை அடையவில்லையே" என்று யாராவது வருத்தப்படுவாரா? ஆற்றின் முடிவு கடல்தான் என்று முன்கூட்டியே தீர்மானித்தது யார் என்பதுதான் சமயத் தத்துவம் இங்கே கேட்கும் கேள்வி. மார்க் ஹைம் என்ற அமெரிக்க இறையியலாளர் 1995இல் இதைத்தான் வாதமாக வைத்தார்: பௌத்தர் நாடும் நிர்வாணமும் கிறித்தவர் நாடும் மீட்பும் ஒரே இடத்துக்குப் போகும் இரு பாதைகள் என்று ஏன் கொள்ள வேண்டும், அவை உண்மையிலேயே வேறுவேறு பேறுகளாக இருக்கக் கூடாதா? அவர் கிறித்தவர் என்பதால் அப்பேறுகளுக்குள் ஒரு தரவரிசையை விடாமல் வைத்துக்கொண்டார் என்பது வேறு செய்தி.

பாடப்புத்தகங்கள் இத்துறையை மூன்று நிலைப்பாடுகளாகப் பிரிக்கின்றன. 1983இல் ஆலன் ரேஸ் என்பவர் செய்த பகுப்பு அது. என் சமயத்தில் மட்டுமே உண்மையும் வீடுபேறும் உண்டு என்பது விலக்குவாதம். பிற சமயங்களிலும் உண்மை உண்டு, ஆனால் அதன் முழுமை என் சமயத்தில்தான் என்பது உள்ளடக்குவாதம். எதற்கும் தனிச் சிறப்புரிமை இல்லை என்பது பன்மைவாதம். மேடையில் பேசுகிறவர்கள் முதலாவதைக் கெட்டது என்றும் மூன்றாவதை நல்லது என்றும் ஏணிப்படி போல அடுக்குவார்கள். நானும் பல ஆண்டு அப்படித்தான் கற்பித்தேன். இப்போது அந்த அடுக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை, முக்கியமாக நடுப்படியில்.

நடுப்படிக்கு நம் தமிழிலேயே மிக அழகான சான்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் பாடிய வரி: "யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வ மாகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்." நீங்கள் எந்தத் தெய்வத்தை வழிபட்டாலும், அந்தத் தெய்வமாகி உமையொரு பாகன் வந்து அருள்வான். நல்லிணக்கக் கூட்டங்களில் இந்த வரி தவறாமல் ஒலிக்கும். பாட்டு அங்கே நின்றுவிடும். மூலத்தில் நிற்காது. அடுத்த அடி, அந்தத் தெய்வங்களோ வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினையும் செய்யும் என்கிறது; ஆகவே அக்குறைகள் இல்லாத சிவனே அறிந்து அருள்வான் என்று முடிகிறது. அதாவது உங்கள் வழிபாடு சரியான முகவரிக்குத்தான் போகிறது, ஆனால் முகவரி நீங்கள் எழுதியது அன்று. இதே நூலின் பரபக்கம் பதினான்கு மதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி மறுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அருணந்தி யாரையும் ஏமாற்றவில்லை என்பது புரியும். பாதி வரியோடு நிறுத்துகிற நாம்தான் ஏமாற்றுகிறோம். கார்ல் ரானர் என்ற கத்தோலிக்க இறையியலாளர் 20ஆம் நூற்றாண்டில் "பெயரறியாக் கிறித்தவர்", அதாவது தாம் அறியாமலே கிறித்துவின் அருளில் வாழும் பிற சமயத்தார், என்ற கருத்தை முன்வைத்தபோது செய்ததும் இதே வேலைதான். உபநிடதங்களைப் பாரசீக மொழியில் கொண்டுவந்த முகலாய இளவரசர் தாரா சுகோ, குர்ஆன் குறிப்பிடும் மறைவான நூல் அவையே என்று கருதினார். அதுவும் இந்த வகைதான். மூவரும் பரந்த மனத்தினர், ஐயமில்லை. ஆனால் மூவரும் பிறருடைய உடைமையைத் தம் வீட்டுக் கணக்கில் வரவு வைத்தவர்கள்.

இதன் வலி எனக்கு நேரில் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கம் மூன்று பேர் பல ஆண்டுகளாக வியாழன் மாலைகளில் கூடிப் படிக்கிறோம்: நான், மதரசாவில் ஓதிக்கொடுக்கும் ஓர் ஆலிம், மண்டபம் பக்கத்து மீனவக் குடியிருப்பில் கிறித்தவ உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். தொடக்க நாளில் நான் மிகுந்த நல்லெண்ணத்தோடு ஆலிம்சாவிடம் சொன்னேன்: "எங்கள் சித்தாந்தத்தில் இறைவனுக்கு உருவம், அருவம், அருவுருவம் என மூன்று நிலை உண்டு. உங்கள் இறைவன் அருவம். ஆகவே நமக்குள் முரண்பாடே இல்லை." அவர் சிரித்தபடி, "சார், உங்க வீட்ல எனக்கு ஓர் அறை ஒதுக்கித் தர்றீங்க. எனக்கு சொந்த வீடு இருக்குதே" என்றார். பிறகு அவர் விளக்கியது என் நாற்பதாண்டுப் படிப்பில் விடுபட்டிருந்த ஒன்று. உருவம் இல்லை என்பது அவர்களுக்கு முதற்செய்தி அன்று. இணை இல்லை என்பதே முதற்செய்தி. உருவமின்மை அதிலிருந்து பின்னால் வருவது. நான் என் சட்டகத்துக்குள் அடங்கிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய சமயத்தின் நடுத்தூணை வெளியே விட்டிருக்கிறேன்.

அவர் தரப்பிலும் இப்படி ஒன்று இருந்தது. சைவர் என்றால் எல்லாமே கடவுள் என்று சொல்பவர் என அவர் எண்ணியிருந்தார். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) மூன்றும் வேறுவேறு, மூன்றும் தொடக்கமில்லாதவை, உயிர்களை இறைவன் படைக்கவில்லை, அவை இறைவனைப் போலவே அநாதி என்று நான் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படைக்கப்படாத ஒன்று இறைவனைத் தவிர இன்னொன்று உண்டா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எங்களுக்குள் உண்மையான வேறுபாடு எது என்று தெரிந்தது. சிலையும் தொழுகையும் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடுகள். படைப்பு பற்றிய இது ஆழத்தில் கிடந்தது. உபதேசியார் அந்த இடத்தில் முழுக்க ஆலிம்சா பக்கம். ஆனால் அடுத்த மாதம் அருளைப் பற்றிப் பேசியபோது, உயிர் தன்னைப் பிணித்திருக்கும் மலத்தை, அதாவது மாசை, தன் முயற்சியால் நீக்க முடியாது, அருள் வந்துதான் எடுக்க வேண்டும் என்ற சித்தாந்தக் கருத்தைக் கேட்டு உபதேசியார் என் பக்கம் வந்துவிட்டார். அணி மாறிக்கொண்டே இருந்தது. "எல்லாம் ஒன்றுதான்" என்று முதல் நாளே முடித்திருந்தால் இவற்றில் ஒன்றும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பன்மைவாதத்துக்கு வருகிறேன். இதன் வலுவான வடிவம் ஜான் ஹிக் என்ற ஆங்கிலேயருடையது. இளமையில் இறுக்கமான கிறித்தவராக இருந்தவர். 1967இல் பர்மிங்காம் நகருக்கு வந்து, பள்ளிவாசல்களிலும் குருத்வாராக்களிலும் கோயில்களிலும் மனிதர்கள் வழிபடுவதை அருகிருந்து பார்த்து மாறியவர். நம் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு எளிதில் கிடைக்கும் அனுபவம் அவருக்கு நடுவயதில் கிடைத்தது. ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட்டிடமிருந்து ஒரு பகுப்பை அவர் கடன் வாங்கினார்: பொருள் தன்னளவில் இருப்பது வேறு, நமக்குத் தோன்றுவது வேறு. சிவன், அல்லாஹ், பரமபிதா, பிரம்மம், நிர்வாணம் ஆகியவை மனிதர் தத்தம் பண்பாட்டின் வழியே அந்த மெய்ப்பொருளை எதிர்கொண்ட தோற்றங்கள். மெய்ப்பொருள் தன்னளவில் சொல்லுக்கு அப்பாற்பட்டது.

இதைப் படிக்கும் தமிழருக்கு இராமநாதபுரத்தில் சமாதி கொண்ட தாயுமானவர் நினைவுக்கு வராமல் இரார். "அங்கிங் கெனாதபடி" என்று தொடங்கும் பாடலில், மனவாக்கினில் தட்டாமல் நின்றது எது என்றும், சமயகோடிகள் எல்லாம் தம் தெய்வம் எம் தெய்வம் என்று எங்கும் தொடர்ந்து எதிர்வழக்கிடவும் நின்றது எது என்றும் கேட்கிறார். ஹிக்கின் கருத்தை இருநூறு ஆண்டுக்கு மேல் முந்திச் சொல்லிவிட்டார் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது அவசரம். அதே பாட்டில் அப்பொருள் "அருளொடு நிறைந்தது" என்றும் இருக்கிறது. ஹிக் தம் மெய்ப்பொருளுக்கு அருள் உண்டு என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். நல்லது, தீயது, தனியாள், தனியாள் அல்லாதது என்ற எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தாது என்பது அவர் கொள்கை. அப்படியானால் அதை ஏன் வணங்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் தந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. தாயுமானவர் அஞ்சலி செய்துதான் பாடலை முடிக்கிறார்.

அந்தப் பாடலை எங்கள் வியாழன் கூட்டத்தில் படித்தபோது ஆலிம்சா சொன்னதை ஹிக்கிற்கு எழுந்த சிறந்த மறுப்புகளில் ஒன்றாக வைக்கலாம்: "மனசுக்கும் வாக்குக்கும் எட்டாது என்பது வரை நானும் வருவேன். ஆனா எட்டாத அந்த இறைவன் தானே இறங்கி வந்து பேசியிருக்கிறான் என்பதுதான் என் நம்பிக்கை. அவன் பேசினதை மனுஷனோட தோற்றம்னு சொன்னீங்கன்னா, என்கிட்ட மிச்சம் எதுவும் இல்லை." கேவின் டிகோஸ்டா போன்ற இறையியலாளர்கள் வேறு சொற்களில் சொல்வதும் இதுவே: எல்லோரையும் சமமாக நடத்துவதாகச் சொல்லும் பன்மைவாதி, எல்லோருடைய மையக் கொள்கையையும் சமமாக மறுக்கிறார், தம் கொள்கை ஒன்றை மட்டும் தோற்றம் என்று ஒப்புவதில்லை. யானையைத் தடவிய குருடர் கதையைச் சொல்கிறவருக்கு மட்டும் எப்படியோ கண் தெரிந்துவிடுகிறது. ஹிக்கின் முயற்சியை நான் மதிக்கிறேன்; ஆனால் உரையாடலுக்கு முன்நிபந்தனையாக அதை வைப்பது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

பின் எதை முன்நிபந்தனையாக வைப்பது? இதற்கு நம் மரபே நல்ல விடை வைத்திருக்கிறது. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை என்று ஒன்று உண்டு. வஞ்சி மாநகரில் மணிமேகலை பத்துச் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் அவள் போவது அளவைவாதியிடம். கடவுளைப் பற்றிப் பேசும் முன், ஒன்றை அறிவதற்கு எவையெல்லாம் சான்றாகும் என்று கேட்டுவிடுகிறாள். இன்றைய சமய விவாதங்களில் பாதி இந்த இடத்தைத் தாண்டிக் குதிப்பதால்தான் கெடுகின்றன. ஒருவருக்கு வேதமொழி சான்று, மற்றவருக்குக் காட்சியும் அனுமானமும் மட்டும் சான்று என்றால், இருவரும் முடிவைப் பற்றிச் சண்டையிட்டுப் பயனில்லை. அந்தக் காதையில் மணிமேகலை வாய் திறந்து மறுப்பது கடைசியாக, எல்லாம் நிலம், நீர் முதலிய பூதங்களின் சேர்க்கையே என்னும் பூதவாதியை மட்டுமே: காட்சி ஒன்றே அளவை என்கிறாயே, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று. அதுவும் அவன் அளவைக்குள் நின்றுகொண்டே. முடிவு பௌத்தம்தான் என்று காப்பியம் முன்னமே தீர்மானித்திருக்கிறது. ஆகவே இதைத் திறந்த உரையாடல் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்கும் முறைக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது பூருவபக்கம். மறுக்கும் முன், எதிர்த்தரப்பின் கொள்கையை அவர்களே ஒப்பும் வடிவில் எடுத்துரைப்பது. மறுப்பதற்காகவே செய்தாலும் இது பெரும் ஒழுக்கம். இங்கேதான் உங்கள் நண்பரின் கேள்விக்கு நேரான விடை இருக்கிறது. ஐயம் இரண்டு வகை. என் சமயம் உண்மையா என்ற ஐயம் ஒன்று. அடுத்தவர் சமயத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்ற ஐயம் மற்றொன்று. உரையாடலுக்கு வேண்டியது இரண்டாவது மட்டுமே. முதலாவதில் எள்ளளவும் ஐயமில்லாதவரும் இரண்டாவதில் பணிவாக இருக்கலாம். அதை நான் ஆலிம்சாவிடம் வாரந்தோறும் பார்க்கிறேன். "எல்லாம் ஒன்று" என்பவர்களிடம்தான் இந்த இரண்டாவது ஐயம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒன்றுதான் என்று தெரிந்துவிட்ட பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? இரண்டாவது ஐயத்தைத் தொடர்ந்து பயின்றால் முதலாவதும் வந்துவிடாதா என்று நண்பர் கேட்கலாம். வரலாம். ரைமுந்து பணிக்கர் என்ற சமயத் தத்துவ அறிஞர், தந்தை இந்து, தாய் கத்தோலிக்கர், உரையாடல் கடைசியில் நமக்குள்ளேயே நிகழத் தொடங்கும் என்றார். எல்லோருக்கும் அப்படி நிகழும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. எங்கள் மூவருக்கும் நிகழவில்லை. மூவரும் வந்த சமயத்தில்தான் இருக்கிறோம்.

ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நல்லிணக்கக் கூட்டம். குத்துவிளக்கு, மூன்று சமயப் பெரியோர், ஆளுக்குப் பத்து நிமிடம். எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன என்று மூவரும் சொன்னார்கள். தலைமையுரையில் நானும் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "எல்லாம் அதையே சொன்னால் மூன்று எதற்கு சார்?" என்று கேட்டாள். அரங்கம் சிரித்தது, நானும் சிரித்து, நேரமாகிவிட்டது என்று முடித்துவிட்டேன். அன்று மேடையில் பேசப்பட்டவற்றுள் தத்துவம் என்று சொல்லத்தக்கது அந்த ஒரு கேள்விதான்.

ஏர்வாடி தர்காவுக்கு எல்லோரும் போகிறோமே, அது உரையாடல் இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். சந்தனக்கூட்டுக்கு இந்துக்களும் வருவது, ஓரியூரில் கிறித்தவப் புனிதர் அருளானந்தர் ஆலயத்துச் செம்மண்ணைச் சமயம் பாராமல் எடுத்துப் போவது, இவை பெரிய செல்வங்கள். ஆனால் அவை கூடி வாழ்தல். அங்கே யாரும் யாரிடமும் கொள்கை கேட்பதில்லை, கேட்காமல் இருப்பதே அந்த ஏற்பாட்டின் அழகு. அப்துல் கலாமின் தந்தையும் இராமேசுவரம் கோயிலின் பட்சி லட்சுமண சாஸ்திரிகளும் நெருங்கிய நண்பர்கள் என்பதை நாம் ஓயாமல் சொல்கிறோம். இருவரும் உட்கார்ந்து ஆன்மிக விஷயங்களை விவாதிப்பார்கள் என்று கலாம் எழுதியதைத்தான் விட்டுவிடுகிறோம். கூடி வாழ்தல் விவாதத்துக்கு மாற்று அன்று. ஆனால் விவாதம் பகையாகாமல் இருக்க அது காலத்தையும் நம்பிக்கையையும் தருகிறது. நாங்கள் மூவரும் ஒருவர் வீட்டுச் சாவுக்கு ஒருவர் போனவர்கள் என்பதால்தான் படைப்பைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேச முடிந்தது.

ஓரியூர் என்றதும் இன்னொன்று. அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். பின்னணியில் இருந்தது மதமாற்றம். உரையாடலில் ஒருவர் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அன்றும் இன்றும் தத்துவத்தால் மட்டும் தீரவில்லை. குடும்பம், சாதி, அதிகாரம் எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. மாற வாய்ப்பே இல்லாத பேச்சு உரையாடல் ஆகாது என்பது எனக்குத் தெளிவு; மாற்றுவதற்கென்றே தொடங்கும் பேச்சும் ஆகாது என்பதும் தெளிவு. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று கேட்டால், ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. கொள்கையாக எழுத முயன்று பலமுறை கிழித்திருக்கிறேன்.

நண்பரோடு மறுபடி பேச உட்காருவதானால், சமயம் என்ற பெரிய சொல்லை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு பாட்டையோ வசனத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சிஸ் குளூனி என்ற இயேசு சபைத் துறவி திருவாய்மொழியை வைணவ உரைகளோடு ஆண்டுக்கணக்கில் படித்து, அதிலிருந்து ஒரு துறையையே வளர்த்தார். தொண்டிக்காரருக்கு இன்னும் அருகில் ஒரு வழி உண்டு. தாயுமானவர், இறைவனைப் பராபரமே என்று விளிக்கும் பராபரக்கண்ணி பாடினார். தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபும் ஒரு பராபரக்கண்ணி பாடினார். சீர்திருத்தக் கிறித்தவர்களின் பழைய தமிழ் விவிலியத்திலும் கடவுளுக்குப் பராபரன் என்ற சொல் உண்டு. ஒரே சொல்லில் மூவரும் ஒரே பொருளைச் சொன்னார்களா என்று இருவரும் வரி வரியாகப் பார்க்கலாம். நண்பர் சொன்னதை, அவர் "ஆம், அதுதான்" என்று ஒப்பும் வரை திருப்பிச் சொல்லிவிட்டு உங்கள் மறுமொழியைத் தொடங்குங்கள்.

நேரம் பிடிக்கும். இணையின்மை பற்றி ஆலிம்சா சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். சென்ற வியாழனோடு நான்காவது முறை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "கிட்ட வந்துட்டீங்க சார், ஆனா இன்னும் வரலை" என்றார். உபதேசியார் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.